நயாகராவும் நீதிமன்றக் கதவும்

ரொறன்ரோவில் நம்மவர் வீடுகளில் மின்சாரக் கட்டணம் என்ற சொல் அருமையாகத்தான் காதில் விழும். 'ஹைட்ரோ பில் கட்டியாச்சோ?' என்றுதான் கேட்கிறோம். ஹைட்ரோ என்பது தண்ணீரைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல். இன்று ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழக் கால்பங்குதான் நீரிலிருந்து வருகிறது. பாதியளவு அணு உலைகளிலிருந்து. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அது நிலைத்த கதையில் நீர்வீழ்ச்சிக்கு இருக்கும் பங்கு சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உண்டு.

1903இல் ஹென்றி பெலற், வில்லியம் மக்கென்சி, பிரெடெரிக் நிக்கல்ஸ் ஆகிய மூன்று ரொறன்ரோச் செல்வந்தர்கள், நயாகராவின் கனடாக் கரையில் மின்சாரம் எடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். விருந்தாளிகள் வந்தால் நாம் கூட்டிப்போய்க் காட்டுகிற காசா லோமா மாளிகையைப் பின்னாளில் கட்டியவர்தான் இந்தப் பெலற். நகரின் மின்விளக்குக் கொம்பனியில் பெலற்றும், ட்ராம் கொம்பனியில் மக்கென்சியும் ஏற்கெனவே ஆதிக்கம் செலுத்தினார்கள். நீர்வீழ்ச்சியும் அவர்களிடம் போனால் தங்கள் தொழிற்சாலைகளின் கதி என்ன என்று சிறு நகரங்கள் அஞ்சின. இன்று கிச்சினர் எனப்படும் அன்றைய பேர்லின் நகரத்து வணிகர்கள் கூட்டம் கூடினார்கள். லண்டன் நகர மேயரும் சுருட்டுப்பெட்டி உற்பத்தியாளருமான அடம் பெக் அவர்களின் குரலானார்.

1905இல் ஜேம்ஸ் விற்னியின் கொன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. நயாகராவின் நீர்வலு காற்றைப்போல எல்லோருக்கும் பொது என்பது விற்னியின் நிலைப்பாடு. 1906இல் ஒன்ராறியோ நீர்மின் ஆணைக்குழு பிறந்தது, பெக் தலைவரானார். 1907 ஜனவரியில் ரொறன்ரோவும் வேறு பல நகரங்களும் வாக்கெடுப்பில் இதை ஆதரித்தன.

எதிர்ப்பு நீதிமன்றம் வழியாக வந்தது. மக்கள் வாக்களித்தது ஓர் ஏற்பாட்டுக்கு, நகரசபைகள் கையெழுத்திட்டது வேறொன்றுக்கு என்று வரி செலுத்துவோர் சிலர் வழக்குப் போட்டார்கள். வாதத்தில் வலு இருந்தது. அரசாங்கம் வாதாடி வெல்லக் காத்திருக்கவில்லை. 1909இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒப்பந்தங்கள் செல்லும் என்றும், அவற்றை எதிர்த்து நடக்கும் வழக்குகள் நிற்கவேண்டும் என்றும், புதிதாக வழக்கே போட முடியாது என்றும் அறிவித்தது. இப்படிச் செய்யச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றமும் ஏற்றது. சட்டத்தை இரத்துச் செய்யும்படி ஒட்டாவாவிடம் போன முறையீட்டை 1910இல் மத்திய அரசு ஏற்கவில்லை. அந்த ஒக்டோபரிலேயே பேர்லினில் பொது மின்சாரத்தின் விளக்கு எரிந்தது.

அந்தச் சட்டத்தை எப்படி மதிப்பிடுவது? இலங்கையிலிருந்து வந்த எனக்கு இது இலகுவான கேள்வியல்ல. தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை எழுப்பிய கோடீஸ்வரன் வழக்கு 1969இல் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே அது வழக்கைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பியது. பிறகு 1972 அரசியலமைப்பு, இயற்றி முடித்த சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கும் வழியையே அடைத்தது. கதவு ஒன்றுதான், ஓரிடத்தில் செல்வந்தர்களுக்கு எதிராகச் சாத்தினார்கள், இன்னோரிடத்தில் எங்களுக்கு எதிராக.

ஒன்ராறியோவிலும் கதவைச் சாத்தும் பழக்கம் ஒருமுறையோடு நிற்கவில்லை. 1935இல் மிச்செல் ஹெப்பேர்னின் லிபரல் அரசு, கியூபெக் கொம்பனிகளிடம் மின்சாரம் வாங்க முந்தைய ஆட்சி செய்த ஒப்பந்தங்களைச் சட்டத்தால் செல்லாதவையாக்கி, வழக்குகளையும் தடுத்தது. இம்முறை மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. கியூபெக்கில் இருக்கும் உரிமையை ஒன்ராறியோ அழிக்க முடியாது என்றது.

2002 ஏப்ரலில் நீதிபதி ஆர்தர் கான்ஸ், ஹைட்ரோ வன் பங்குகளை விற்கச் சட்டத்தில் அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார். வழக்குப் போட்டவை தொழிற்சங்கங்கள். சில வாரங்களில் அரசு அந்த அதிகாரத்தைத் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் பகிரங்க விவாதத்தின் சூட்டில் அந்த விற்பனை கைவிடப்பட்டது. 2015இல் கத்லீன் வின் அரசு பங்குகளை விற்றபோது, கணக்காய்வாளர் நாயகமும் ஒம்புட்ஸ்மனும் அந்த நிறுவனத்தை விசாரிக்கும் அதிகாரத்தையும் சட்டம் நீக்கியது. பொதுச்சொத்தை உருவாக்க 1909இல் பயன்பட்ட உத்தியின் சாயல், அதை விற்கும்போதும் தெரிந்தது.

இந்த வரலாற்றில் எவரும் கணக்கிலெடுக்காத ஒரு தரப்பு உண்டு. வடமேற்கு ஒன்ராறியோவின் லாக் சூல் ஏரியில், பெரும்பாலும் வினிப்பெக் நகரின் மின்தேவைக்காக, 1929இல் அணை எழுந்தது. அங்கிருந்த முதற்குடி மக்களின் ஒதுக்கு நிலத்தில் ஏறத்தாழ 17 வீதம் நீரில் மூழ்கியது. வீடுகளும் காட்டரிசி விளைந்த இடங்களும் புதைகுழிகளும் போயின. ஒரு குடியிருப்பு தீவாகியது. அவர்கள் நீதிமன்றம் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். உரிமைக் கோரிக்கைக்காக முதற்குடிகளிடம் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதை 1927 முதல் 1951 வரை கனடாவின் இந்தியர் சட்டம் குற்றமாக்கியிருந்தது.

2021 ஜூலையில் கனடா உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நிலம் மின்திட்டத்துக்கு என்ன பெறுமதியோ, அதைக் கணக்கிலெடுத்து மத்திய அரசு அவர்களுக்காகப் பேசியிருக்க வேண்டும் என்றது. கீழ்நீதிமன்றம் தந்த 30 மில்லியன் டொலர் போதாதென்று, இழப்பீட்டை மீண்டும் கணிக்கச் சொன்னது. வெள்ளம் வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு.

பெக்கின் மலிவான மின்சாரம் உண்மையான நன்மை. இந்த நகரின் தொழிற்சாலைகளும் வீடுகளும் அதில் வளர்ந்தவை. நாமும் அந்த வளர்ச்சிக்குள்தான் வந்து குடியேறினோம். ஆனால் 'பொது' என்ற சொல்லுக்குள் யார் அடங்குகிறார்கள் என்பதைச் சட்டமன்றப் பெரும்பான்மை மட்டும் முடிவுசெய்தபோது, லாக் சூல் அதற்குள் அடங்கவில்லை. மின்சாரம் பற்றிய சட்டமூலம் வரும்போது நாம் விலையைப் பார்க்கிறோம். அதை எதிர்த்து யார், எங்கே முறையிடலாம் என்று சொல்லும் பிரிவையும் தேடி வாசிக்கவேண்டும். அந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதை நாம் வந்த நாடு நமக்குக் காட்டியிருக்கிறது.