காரில் போகும் நேரம் யாருடையது?



காலை எட்டரை மணிக்கு நம் மெயின் கேட் அருகே நின்றால் கார்கள் வரிசையாக வெளியேறுவதைப் பார்க்கலாம். ஓட்டுபவர்களில் பலர் அப்போதே யாருடனோ பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டைத் தாண்டும் முன்பே அலுவலகம் தொடங்கிவிடுகிறது. இந்த நிலை எப்படி வந்தது என்று படித்துப் பார்த்தேன். அதன் சுருக்கம் இது.

1930-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பாட்டு கேட்டால் ஓட்டுபவரின் கவனம் சிதறும் என்று அப்போதே எதிர்ப்பும் கிளம்பியது. 1950-களில் மாலைப் பொழுதை டிவி பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போய்வரும் கார்க்காரர்களை நம்பியே ரேடியோ நிலையங்கள் காலை, மாலை நிகழ்ச்சிகளை அமைத்தன.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கேசட் வந்தது. கலிபோர்னியாவில் டுவால் ஹெக்ட் என்பவர் நியூபோர்ட் பீச்சிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தினமும் காரில் போய்வந்தார். 1956 ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். பாட்டும் செய்தியும் சலித்துப்போக, 1975-ல் முழுப் புத்தகங்களையும் கேசட்டில் பதிவு செய்து தபாலில் வாடகைக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ரேடியோவும் கேசட்டும் நம்மிடம் பதில் கேட்பதில்லை. போன் கேட்கும். 1946-லேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார் போன் சேவை வந்துவிட்டது. ஆனால் அது வெகு சிலருக்கே கிடைத்தது. இந்தியாவில் 1995-ல் வந்த செல்போன், எல்லோருடைய காரிலும் மேனேஜரை ஏற்றிவிட்டது.

வங்கி வேலைக்கு நான் மின்சார ரயிலில் போய்வந்த காலத்தில், என் மேனேஜர் நான் கவுன்டருக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் என் கணக்கில் இருந்தது.

போன மாதம் என் மகன் ஓட்டிய காரில் நான் முன் சீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. நம் தெருமுனையில் சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். பிரேக் தாமதமாகத்தான் பிடித்தது. பின்சக்கரத்தில் லேசாக இடித்ததோடு போயிற்று. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கவனிச்சிருக்கணும்பா, மீட்டிங்ல இருந்தேன்" என்றான் மகன். அவன் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டினால் 2019 சட்டத் திருத்தப்படி 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஸ்பீக்கரில் பேசினாலும் கவனம் சிதறும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்று நானே கண்ணால் பார்த்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரையிலாவது பேச்சை நிறுத்துங்கள். அது நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி.

ஒன்பது மணி மீட்டிங்கைப் பத்து மணிக்கு மாற்றும்படி என் மகன் அலுவலகத்தில் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை போனை டிக்கியில் வைத்துவிட்டு ஓட்டுகிறான்.