கோல் விழாத இறுதி ஆட்டம்

1978-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் இறுதியில் கொல்கத்தாவின் பரம வைரிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதி, இரு தரப்பும் கோல் அடிக்க இயலாமற்போனதால், இரு கழகங்களும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. லீக் முறையில் இத்தகைய சமநிலை தொல்லை தருவதில்லை. அணிக்கு ஒரு புள்ளியோடு கணக்கு முடிந்துவிடும். தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் முறையிலோ, 30 நிமிடக் கூடுதல் நேரமும் பயன் தராவிடில், மறு ஆட்டம் அல்லது குலுக்கல் என்பதே பழைய வழக்கம். 1968-இல் நேப்பிள்ஸ் நகரில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் ஆடிய ஐரோப்பிய அரையிறுதி 120 நிமிடமும் கோலின்றி முடியவே, நடுவரின் அறையில் சுண்டப்பட்ட நாணயம் இத்தாலியை இறுதிக்கு அனுப்பியது. ஆட்டத்திறனுக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது.

இந்நிலையை மாற்றவே, கோலிலிருந்து 11 மீட்டர் தொலைவில் பந்தை வைத்து, கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அணிக்கு ஐந்து வாய்ப்புகளாக உதைக்கும் பெனால்டி ஷூட் அவுட் முறையை, கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு வாரியம் 1970-இல் ஏற்றது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் கோவையில் கோப்பை பகிரப்பட்டது பின்தங்கிய செயலன்று. சமமாக ஆடியோரைச் சமமாகவே மதித்த அம்முடிவு நேர்மையானது. 1980-இலும் இவ்விரு கழகங்களே இக்கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. பிற்காலத்தில் ஷூட் அவுட்டே நிலைபெற்றது. 2023-இல் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் லெபனானுடன் கோலின்றி நின்ற இந்தியா, குர்பிரீத் சிங் சந்து முதல் உதையையே தடுத்ததன் துணையுடன் 4-2 என வென்றது.