செலவு: செய்யூர்க் கரையில் பணமும் பயணமும்

தமிழில் "செலவு" என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று அதைக் கேட்டதும் மாதக் கடைசியும் காலியான பர்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய தமிழில் செலவு என்றால் பயணம்! பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைப் பற்றி எழுதிய கவிதைக்கு "மாவலிபுரச் செலவு" என்றுதான் பெயர் வைத்தார். அது அவர் எழுதிய கணக்குப் புத்தகம் அல்ல, பயணக் கவிதை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: செல். மனிதன் சென்றால் பயணம், காசு சென்றால் செலவு. நல்ல காசைச் "செல்லும்" என்கிறோம், கெட்ட காசைச் "செல்லாது" என்கிறோம். 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பற்றிய அறிவிப்பு வந்தபோது தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது இந்த ஒரே வார்த்தைதான்: "செல்லாது!"

அப்படியானால் பணத்துக்கும் வழிக்கும் என்ன உறவு? இதைப் புரிந்துகொள்ள பெரிய பொருளாதாரப் புத்தகங்கள் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் செய்யூர் வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். கந்தசாமி கோயிலும் உப்பளங்களும் கழிமுகமும் சவுக்குத் தோப்புகளும் உள்ள அமைதியான பகுதி இது. ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கரையில் பணமே தயாரானது என்றால் நம்புவீர்களா?

காசில்லாத பயணம்

முதலில் சங்க காலத்துக்குப் போவோம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்பது இன்றும் செய்யூர் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலம் என்பதால் அந்தப் பெயர்.

ஆற்றுப்படை என்பது ஒரு வகையில் அந்தக் காலத்து வழிகாட்டி நூல். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு எந்த வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று சொல்கிறான். 269 அடிகள் கொண்ட இந்தப் பாட்டில் சாப்பாட்டுப் பட்டியலே இருக்கிறது! கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் கள்ளும், வேலூரில் இறைச்சியோடு சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும். எயிற்பட்டினம் என்பது செய்யூருக்குத் தெற்கே உள்ள மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பயணத்தின் முடிவில் காத்திருப்பவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாணனின் கையில் காசு கிடையாது. வழியில் சாப்பாட்டுக்கு விலை கேட்பவரும் கிடையாது. மீன் பிடிப்பவர் மீன் கொடுக்கிறார், நெல் விளைப்பவர் சோறு போடுகிறார். அதே பாட்டில் உமணர்களின் வண்டி வரிசையும் வருகிறது. உமணர் என்றால் உப்பு வணிகர். உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றுவது அவர்கள் தொழில். உப்பு இருந்தால் நெல் கிடைக்கும் என்பதால் இந்தக் கரையில் உப்புதான் காசு. அந்தக் காசு நடந்த வழிதான் மாட்டுவண்டிப் பாதை.

ஆலம்பரை: பணம் தயாரான இடம்

இனி பல நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், கடப்பாக்கம் அருகே, ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழி. கப்பலில் வந்த சரக்கைப் படகுகளில் இறக்க வசதியான இடம்.

ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இங்கே ஒரு நாணயச்சாலை இயங்கியது. இங்கே அடித்த தங்க நாணயத்துக்கு "ஆலம்பரை வராகன்" என்றே பெயர். புதுச்சேரியின் ஆனந்தரங்கம் பிள்ளை எழுதிய நாட்குறிப்பிலும் இந்த ஊர் பேசப்படுகிறது.

அந்தக் காலத்துப் பணக்கணக்கு இன்றைய மாணவர்களுக்குத் தலைசுற்றும். சென்னைக் கணக்குப்படி,

80 காசு = 1 பணம்
42 பணம் = 1 வராகன்

அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு! பிற்பாடு ரூபாயோடு ஒப்பிட்டபோது ஒரு நட்சத்திர வராகன் மூன்றரை ரூபாய் என்று கணக்கிட்டார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஊரில் அடித்த வராகன் இன்னொரு ஊரில் முழு மதிப்புக்குப் போகாது. தங்கத்தின் மாற்று வேறுபடும். அதனால் சராப்புகள் எனப்படும் நாணய வணிகர்கள் ஒவ்வொரு காசையும் எடை பார்த்து, உரசிப் பார்த்து, ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார்கள். அந்தக் கழிவுக்கு "வட்டம்" என்று பெயர். காசைச் சோதிப்பதற்கு "நோட்டம்" என்று பெயர். இன்று யாரையாவது ஓரக்கண்ணால் பார்த்தால் "என்ன நோட்டம் விடுறே?" என்கிறோமே, அந்த நோட்டமும் இந்த நோட்டமும் ஒரே சொல்தான்.

ஆக, அன்று பயணம் என்றாலே கையில் இருக்கும் பணம் குறையும். ஒன்றும் வாங்காமல் ஊர் விட்டு ஊர் போனாலும் குறையும்! இதனால் அதிகம் இழந்தவர் யார்? வராகன் வைத்திருந்த வியாபாரிக்குச் சராப்பைத் தெரியும், பேரம் பேசத் தெரியும். நாலு காசு கூலி வாங்கியவருக்கு இரண்டும் தெரியாது.

1736-ல் பிரெஞ்சுக்காரர்கள் நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார்கள். கப்பல் எங்கே அதிகம் நின்றதோ அங்கே நாணயத் தொழிலும் போய்ச் சேர்ந்தது. 1750-ல் ஆலம்பரைக் கோட்டை துய்ப்ளேயின் கைக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில், வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலேயர்கள் 1760-ல் கோட்டையைப் பிடித்தார்கள், பிறகு இடித்தார்கள். வராகன் பிறந்த இடத்தில் இன்று செங்கல்தான் மிச்சம்.

கடலில் மூழ்கிய காசு

ஆலம்பரைக்குப் பிறகு இந்தக் கரைக்குக் காசு எங்கிருந்து வந்தது? சென்னைத் தங்கசாலையிலிருந்து வந்தது. சில்லறைச் செப்புக்காசில் ஒரு பகுதி இங்கிலாந்திலிருந்தே வந்தது! பர்மிங்காம் நகரில் மேத்யூ போல்டனின் ஆலையில் சென்னை மாகாணத்துக்காக 10 காசு, 20 காசு நாணயங்களை நீராவி இயந்திரத்தில் அடித்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து.

1808 என்று ஆண்டு பொறித்த அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய "அட்மிரல் கார்ட்னர்" என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் அந்தக் காசுகளை ஏராளமாக வெளியே எடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சந்தைகளில் கீரைக்கும் கருவாட்டுக்கும் கைமாறியிருக்க வேண்டிய காசுகள் இன்று நாணயம் சேகரிப்போரின் பெட்டிகளில் இருக்கின்றன. ஒரு நாள்கூட "செல்லாத" காசுகள் அவை!

உப்பும் ஓடமும்

காசு வெளியிலிருந்து வந்தாலும் உப்பு இங்கேதான் விளைந்தது. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம் ஆனது. உப்பு விளைவித்தவர் அதை அரசிடம்தான் கொடுக்க வேண்டும். பிறகு அதே உப்பை வரியோடு சேர்த்து வாங்க வேண்டும். உப்பளத்து ஓரத்தில் குடியிருப்பவருக்கும் இதே சட்டம்தான்.

செய்யூர், மரக்காணம் உப்பு சென்னைக்குப் போன வழி பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே காக்ரேன் கால்வாய் என்று தொடங்கியது, படிப்படியாக நீண்டு ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. ஆனது. 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. ஆளுநரின் பெயர் இருக்கிறது, பசியோடு மண் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

உப்பும் சவுக்கு விறகும் படகில் வடக்கே போயின. காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் துடுப்புக்கழி. அதுவும் போதாதபோது கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். பாரதிதாசன் தன் "மாவலிபுரச் செலவில்" அப்படிப் படகிழுத்த தொழிலாளிகளின் துன்பத்தைத்தான் பாடினார். பயணிக்கு அது செலவு, இழுப்பவருக்கு அது கூலி.

வரி எவ்வளவு என்று பார்ப்போமா? 1923-ல் உப்பு வரியை மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக இரட்டிப்பாக்கினார்கள். அரசு மணங்கு என்பது சுமார் 37 கிலோ. இரண்டரை ரூபாய் என்றால் 40 அணா. ஆக ஒரு கிலோ உப்புக்கு ஓர் அணாவுக்கு மேல் வரி! எதிர்ப்பு பலமாக இருந்ததால் 1924-ல் பழைய அளவுக்கே குறைத்தார்கள். ஆனால் வரி ஒழியவில்லை. 1930-ல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் நடந்தார்கள். உப்புக்கான போராட்டம் ஒரு நடைப்பயணமாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்! கடைசியில் 1947-ல்தான் உப்பு வரி நீங்கியது. சுங்கத்தை நீக்கியதற்காக முதலாம் குலோத்துங்கனை "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று கொண்டாடிய நாடு, உப்பு வரி நீங்க இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வழி மாறியது, பழக்கம் மாறவில்லை

1870-களின் பிற்பகுதியில் ரயில் வந்தபோது அது செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று உள்நாட்டு வழியாகப் போய்விட்டது. கடற்கரை ஊர்கள் ஒதுங்கின. 1965, 1966 புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமடைந்தது, பிறகு லாரிகள் அதன் வேலையை எடுத்துக்கொண்டன. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது பல இடங்களில் இதே கால்வாய்தான் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டது. 2008-ல் தேசிய நீர்வழிகளில் ஒன்றாக அறிவித்தார்கள். ஆனால் உப்பு ஓடங்கள் திரும்பவில்லை. இன்று பணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைகிறது. கார்களில் போகிறவர்களில் பலருக்குக் கடப்பாக்கம் வழியில் வரும் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

ஆனால் மனிதர்களின் வாயிலும் வீட்டிலும் பழைய காலம் அப்படியே இருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நூறு பைசா ரூபாய் வந்தது. ஆனாலும் 25 பைசாவை "நாலணா" என்றே சொன்னோம். 2011 ஜூன் 30-க்குப் பிறகு அந்த 25 பைசாவே செல்லாமல் போனது, "நாலணாவுக்குப் பிரயோஜனமில்லை" என்ற பேச்சு இன்னும் செல்கிறது. புது வீட்டுக்குப் போகும்போது முதலில் உப்பைக் கொண்டுபோகிறார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுக்கத் தயங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் லட்சுமி வருவாள் என்கிறார்கள். உப்பே காசாக இருந்த ஒரு காலத்தை இந்தப் பழக்கங்கள் நினைவூட்டுகின்றன அல்லவா?

மாறாத இன்னொன்றும் இருக்கிறது. உப்பளத்தில் இன்றும் வெயில்தான் முதலாளி. கழித் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி, காய வைத்து, வாரி எடுத்துக் குவிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து வழங்கத் தொடங்கியது. பாக்கெட் உப்பின் விலையில் ஒரு ரூபாய் ஏறினால் நமக்குத் தெரிகிறது. அதில் வாரி எடுத்தவரின் பங்கு என்ன என்பது தெரிவதில்லை.

தமிழில் "நாணயம்" என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள். ஒன்று காசு, இன்னொன்று நேர்மை. ஆலம்பரையில் அடித்த நாணயம் செல்லாமல் போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உழைத்தவருக்கு உரியதைக் கொடுக்கும் அந்த இரண்டாவது நாணயம் செய்யூர்க் கரையிலும் மற்ற ஊர்களிலும் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை அடுத்த முறை உப்பு ஜாடியைத் திறக்கும்போது யோசித்துப் பாருங்கள்.