எக்ஸ்பினிட்டி 500 (2022)

எக்ஸ்பினிட்டி 500 என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மார்ட்டின்ஸ்வில் ஓடுதளத்தில் 2022 அக்டோபர் 30 அன்று நடைபெற்ற நாஸ்கார் ஸ்டாக் கார் பந்தயமாகும். 500 சுற்றுகள் கொண்ட இப்பந்தயத்தில் கிறிஸ்டோபர் பெல் வெற்றி பெற்றார்.

ஓடுதளம்

1947 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வோடுதளம் 0.526 மைல் (சுமார் 847 மீட்டர்) நீளமுடைய குறுகிய நீள்வட்டத் தடமாகும். நீண்ட நேர்பகுதிகளையும் இறுக்கமான வளைவுகளையும் கொண்ட இது பேப்பர் கிளிப்பின் வடிவத்தை ஒத்தது. வளைவுகளில் வேகத்தைப் பெரிதும் குறைக்க வேண்டியிருப்பதால் இங்கு முந்திச் செல்வது கடினம்.

இறுதிச் சுற்று

கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் 10 ஆம் இடத்தில் இருந்தார். டென்னி ஹாம்லினை விஞ்சி, நால்வர் மட்டும் பட்டத்திற்காக மோதும் இறுதிப் பந்தயத்திற்குத் தகுதி பெற அவர் மேலும் இரண்டு இடங்கள் முன்னேற வேண்டியிருந்தது. அவர் வேகத்தைக் குறைக்காமல் தமது வண்டியை வெளிச்சுவரில் உராயவிட்டு வளைவைக் கடந்தார். ஐந்து வண்டிகளை முந்திய அவர், ஹாம்லினையும் முடிவுக் கோட்டருகே பின்தள்ளித் தகுதி பெற்றார். அச்சுற்றை அவர் 18.845 விநாடிகளில் முடித்தார். இம்முறையைச் சிறுவயதில் நிகழ்பட விளையாட்டொன்றில் கையாண்டதாக அவர் பின்னர் கூறினார்.

விளைவு

சாஸ்டெய்ன் அவ்வாண்டின் பட்டப்பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றார். இத்தகைய செயல், நடைமுறையிலிருந்த பாதுகாப்பு விதியின்கீழ் இனித் தண்டிக்கப்படும் என 2023 சனவரியில் நாஸ்கார் அறிவித்தது.