குறி: அறிகுறியும் அருள்வாக்கும்

'குறி' என்னும் சொல் அடையாளம், இலக்கு, முன்னறிவிப்பு எனப் பல பொருள்களில் வழங்கினாலும், வெளியே தெரிவதைக்கொண்டு உள்ளே மறைந்திருப்பதை உணர்வது என்னும் கருத்து அதன் பெரும்பாலான ஆட்சிகளில் ஊடாடி நிற்கிறது. முகத்தைக்கொண்டு உள்ளத்தை அறியும் திறனுக்குத் திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரிலேயே 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்கள் உள்ளன.

நோயின் காரணத்தை இவ்வாறு அறியும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. மகள் மெலிவதைக் கண்டு கலங்கும் தாய், முருகனுக்கு வெறியாடும் பூசாரியான வேலனை அழைத்துக் கழங்கு உருட்டிப் பார்க்கச் செய்கிறாள். கட்டுவிச்சி என்பவள் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்க்கிறாள். காதலே காரணம் என்பதை அறிந்த தோழி, மறியைக் கொன்று படைக்கும் பலியை இந்நோய் தந்த மலைநாடனின் மாலையணிந்த மார்பும் உண்ணுமோ என்று வேலனிடமே கேட்பதாகக் குறுந்தொகையின் 362ஆம் பாடல் அமைந்திருப்பதால், குறியைப் பற்றிய ஐயமும் குறியைப் போலவே பழமையானது எனலாம்.

சித்த மருத்துவமும் இதே சொல்லை ஆள்கிறது. சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றை நோக்குவது நீர்க்குறி. அச்சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் எனத் துணிவது நெய்க்குறி. இன்றைய மருத்துவமனைகளில் வழங்கும் 'அறிகுறி', 'நோய்க்குறி' ஆகிய சொற்களும் இந்த வேரில் கிளைத்தவையே.

தென்மாவட்டச் சிற்றூர்களில் குறி சொல்பவர் கோடாங்கி எனப்படுகிறார். உடுக்கை வகையொன்றின் பெயர் அதை அடிப்பவருக்கும் ஆகிவந்தது. வெற்றிலை பாக்கும் காணிக்கையும் வைத்துக் கேட்போருக்கு, குலதெய்வத்துக்கு நேர்ந்த கடன் நிற்கிறது என்றோ, பிள்ளைக்குப் பயந்த கோளாறு என்றோ அவர் விடை சொல்லி, திருநீறு பூசி, வேப்பிலையால் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார். கூலி வேலையை விட்டுப் பேருந்தேறி மருத்துவமனையில் காத்திருக்க வேண்டாத அண்மையும், குடும்பமே கூடியிருந்து பேச இடம் தரும் பொறுமையும் மக்களை அவரிடம் ஈர்க்கின்றன. அவற்றினும் மேலாக, மருத்துவர் என்ன நோய் என்று சொல்லி நிறுத்த, இது ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தது என்னும் கேள்விக்குக் கோடாங்கியே விடை தருகிறார்.

ஆயினும் பாம்புக்கடியிலும் வலிப்பிலும் குறி கேட்டுக் கழியும் நேரம் உயிரைப் பறிக்கக்கூடும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், நோய் தீரும் என நம்பித் தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காப்பகமொன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றி 28 பேர் இறந்தனர். பின்னாளில் ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவத்தையும் இணைத்து, மருந்தும் வேண்டுதலும் எனப் பொருள்படும் 'தவா-துவா' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. நம்பிக்கையைப் பழிப்பதால் மக்கள் மருத்துவமனைக்கு வந்துவிடுவதில்லை; குறி சொல்பவரே நோயாளியை உரிய நேரத்தில் அங்கு அனுப்பிவைக்கும்படி அவரையும் துணையாக்கிக்கொள்வதே பொதுச் சுகாதாரத் துறைக்கு உகந்த வழியாகும்.