800 வேலைகளும் ஜொகூரின் கைகளும்: அவுட்சோர்சிங் பற்றிய கருத்தெழுத்தின் வரலாறு

ஒரு வேலை ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகிறது. அதைப் பற்றி எழுதுகிறவர் யாரை முன்னால் நிறுத்துகிறாரோ அதைப் பொறுத்தே வாசகரின் மனமும் சாய்கிறது. வேலை இழந்தவரைக் காட்டினால் கோபம் வருகிறது. வேலையை ஈர்த்த நாட்டைக் காட்டினால் பெருமை வருகிறது. ஆனால் அந்த வேலையைக் கையில் வாங்கிச் செய்கிறவரைக் காட்டிய எழுத்து நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. தோட்டக் காலந்தொட்டு வெளிநாட்டுச் சந்தைகளுக்காக உழைத்துவரும் மலேசிய மாநிலமான ஜொகூர், இந்தப் போக்கை ஆராய ஏற்ற களம்.

ஆள் பற்றாக்குறை என்ற வாதம்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் கங்காணி. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற அவருக்கு, வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு கிடைத்தது. இந்த ஏற்பாட்டை முதலாளிகள் தரப்பு ஒரே வாதத்தைக் கொண்டு தாங்கிப் பிடித்தது: ஆள் போதவில்லை. ஆள் வராவிட்டால் பால்வெட்டு நிற்கும், பால்வெட்டு நின்றால் நாட்டின் வருமானம் விழும். இந்தக் கணக்கில் தொழிலாளி வெறும் எண்ணிக்கை.

1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்தார். 1937இல் வெளியான அவருடைய அறிக்கை மென்மையாக இருக்கிறது என்று இந்திய தேசியவாதிகள் சினந்தார்கள். ஆனால் கங்காணி வழியான ஆள்சேர்ப்பை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்ததும் அதே அறிக்கைதான். மறு ஆண்டு மலாயாவில் கூலி குறைக்கப்பட்டபோது, தோட்ட வேலைக்கு உதவித்தொகையோடு ஆள் அனுப்பும் முறையையே இந்திய அரசு தடைசெய்தது. வசைபாடாத எழுத்து, இடைத்தரகர் நிற்கும் இடத்தைச் சரியாகச் சுட்டியது. எதிர்த்தரப்பு அதைக் கோபக்காரரின் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை.

முக்கோணம் மறைத்தது

1989 டிசம்பரில், அன்று சிங்கப்பூரின் முதல் துணைப் பிரதமராக இருந்த கோ சோக் தோங் ஒரு வளர்ச்சி முக்கோணத்தை முன்மொழிந்தார். சிங்கப்பூரின் மூலதனமும் நிர்வாகத் திறனும், ஜொகூரின் நிலமும் ஆள்பலமும், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் கிடைத்த மலிவான உழைப்பும் ஒன்றுசேரும் என்பது திட்டம். சிங்கப்பூரில் கூலியும் நிலவிலையும் ஏறியதால், ஆள் அதிகம் தேவைப்பட்ட தொழில்கள் அப்போது எல்லை தாண்டத் தொடங்கியிருந்தன.

முக்கோணம் என்ற படம், பக்கம் பக்கமாக எழுதும் வாதங்களை விட அதிகம் சாதித்தது. மூன்று பக்கமும் இருந்தால்தானே முக்கோணம்! ஆகவே இதில் தோற்பவர் எவருமில்லை என்ற எண்ணம் விவாதமே இல்லாமல் ஊன்றிவிட்டது. ஒரு பக்கத்தில் மூளை, இன்னொரு பக்கத்தில் கை என்ற பிரிவினை கண்ணில் படவில்லை. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் செனாய், தெப்ராவ், பாசீர் கூடாங் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுடைய மூன்று ஷிப்டு வாழ்க்கை அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

மால்ம்ஸ்பரியின் 800

2002 பிப்ரவரியில் டைசன் நிறுவனம், பிரிட்டனின் மால்ம்ஸ்பரி என்ற சிற்றூரில் நடந்துவந்த வேக்குவம் கிளீனர் தயாரிப்பை மலேசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. 800 பேர் வேலை இழந்தார்கள். இந்த எண்ணுக்கு வலிமை தந்தது அதன் பக்கத்தில் நின்ற ஊர்ப்பெயர். சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் 800 வேலை என்றால் எத்தனை வீட்டு அடுப்பு என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். நிறுவனமோ கூலிச் செலவையும், உதிரிபாகம் தருவோர் ஆசியாவில் இருப்பதையும், ஆலையை விரிவாக்க அனுமதி கிடைக்காததையும் காரணமாகச் சொன்னது. ஆராய்ச்சிப் பிரிவு பிரிட்டனிலேயே இருக்கும் என்று ஆறுதலும் கூறியது. வேறு வழியில்லை என்பது ஒரு தரப்பு, துரோகம் என்பது மறுதரப்பு. இரண்டுக்கும் நடுவே, அந்த வேலையை மலேசியாவில் செய்யப்போகும் தொழிலாளி யார் என்ற கேள்வி அரிதாகவே எழுந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2004இல் புஷ் அரசின் பொருளாதார ஆலோசகர் கிரெகரி மான்கியூ, அவுட்சோர்சிங்கும் ஒருவகை வணிகமே, காலப்போக்கில் நன்மையே தரும் என்றார். அவருடைய சொந்தக் கட்சியே அவர்மேல் பாய்ந்தது. அவருடைய பாடநூல் வாதத்தில் மனிதர் எவரும் இல்லை. அதே காலத்தில் சிஎன்என் தொலைக்காட்சியில் லூ டாப்ஸ், வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். தாமஸ் ஃப்ரீட்மேன் பெங்களூருக்குப் போய் இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகணியைச் சந்தித்து, அந்த உரையாடலிலிருந்து 2005இல் ஒரு புத்தகத்தையே எழுப்பினார். டாப்ஸிடம் குற்றவாளி இருந்தார், ஃப்ரீட்மேனிடம் நாயகர் இருந்தார். ஒருவருக்குப் பெருந்திரளான பார்வையாளர்களும் மற்றவருக்குப் பெருந்திரளான வாசகர்களும் கிடைத்தார்கள்.

கீழிருந்து வந்த சாட்சியம்

டைசனுக்குப் பொருள் செய்துதந்த ஜொகூர் நிறுவனங்களில் ஒன்று ஏடிஏ ஐஎம்எஸ். அதன் வருவாயில் ஏறக்குறைய 80 விழுக்காடு டைசனிடமிருந்தே வந்தது. 2021 நவம்பரில், தொழிலாளர் நிலைமை பற்றிய தணிக்கைக்கும், நேப்பாளத் தொழிலாளி ஒருவர் முன்வைத்த குற்றச்சாட்டுகளுக்கும் பிறகு, அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக டைசன் அறிவித்தது. ஏடிஏவின் பங்கு விலை சரிந்தது. தொழிலாளர் தங்குமிடம் தொடர்பாக மலேசிய மனிதவள அமைச்சும் நடவடிக்கையில் இறங்கியது. மலேசியாவை அமெரிக்க அரசு ஆள்கடத்தல் அறிக்கையின் கடைசி நிலைக்கு இறக்கியதும் அதே ஆண்டில்தான்.

பின்னர் ஏடிஏவில் வேலைசெய்த நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் லண்டனில் டைசன் மீது வழக்குத் தொடுத்தார்கள். டைசன் குற்றச்சாட்டுகளை மறுத்தது. வழக்கை மலேசியாவில்தான் நடத்த வேண்டும் என்று 2023இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2002இல் அரிதாகவே தேடப்பட்ட தொழிலாளி, இப்போது தன் வாக்குமூலத்தோடு வந்து நின்றார். தங்குவிடுதி அறையும் மிகைநேர வேலையும் வணிகச் செய்தியாயின. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தம், கட்டாய உழைப்பைத் தனிக் குற்றமாக்கியது.

அடுத்த எண்: 20,000

2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் 5 ஆண்டுகளில் 50 திட்டங்கள், திறன் வாய்ந்த 20,000 வேலைகள் என்பது இலக்கு. இந்த எண்ணை வாழ்த்தி எழுதும் கட்டுரைகளில் பழைய முக்கோணத்தின் சாயல் இருக்கத்தான் செய்யும். ஆள் பற்றாக்குறை என்ற வாதமும் கூடவே வரும்.

இம்முறை ஜொகூர்த் தமிழ் எழுத்தாளர்களின் கையில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. வேலைகள் வருகின்றன என்று எழுதுவதோடு நிற்காமல், அவர்கள் தொழிற்பேட்டை வாசலுக்கே போய்க் கேட்கலாம். சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் முதலாளியின் பெயர் ஆலையுடையதா, ஆள் சப்ளை செய்யும் குத்தகையாளருடையதா? மிகைநேரச் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது? இந்தோனேசியரும் நேப்பாளியும் வாங்குவது, பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பெண் வாங்கும் அதே அடிப்படைச் சம்பளம்தானா? இந்தக் கேள்விகளுக்கான விடைகளை முதலீட்டு அறிவிப்புகளில் தேடிப் பயனில்லை. ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் அவை இருக்கின்றன.