பின் அச்சின் சரித்திரம்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைப் பின்னே விட்டு, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவில் பழைய அம்பாஸடர் கார் ஒன்று திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய நாலரை அடி இடைவெளி. அரை வட்டம் திரும்பி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 14 அடி அதிகமாக ஓடியிருக்கும். வளைவு அகலமோ குறுகலோ, இந்த 14 அடி மாறாது. சந்தேகமிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டை வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு அசையாமல் நிற்க, சக்கரங்கள் தம் தம் போக்கில் சுழலும். இழுப்பது மாடு. சக்கரத்தையே சுழற்றி வண்டியை ஓட்டும் என்ஜின் வந்த பிறகுதான் வம்பு பிறந்தது. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கினால், வளைவில் ஒரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர் பிரான்ஸ் தேசத்துக் கடிகாரக்காரர், ஒனெஸிபோர் பெக்கர். 1820-களின் கடைசியில், நீராவி வண்டி ஒன்றுக்காகப் பற்சக்கரக் கூட்டத்தை அச்சின் நடுவே வைத்தார். பற்சக்கரங்களோடு பழகிய கைக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டாரிலும் இந்த டிபரன்ஷியல் இருந்தது. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வீணாய்ச் சுழல, மற்றது கல்லாய் நிற்கும் குறையும் அன்றே கூடப் பிறந்தது. மழைக்கால மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1926-ல் அமெரிக்காவின் பாக்கார்டு கார் 'ஹைப்பாய்டு' பல்லைக் கொண்டுவந்தது. பினியன், கிரௌன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே இறங்கிற்று. அதனால் காரின் தரையும் தாழ்ந்தது. இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே கடிப்பதால், கந்தக நெடியடிக்கும் தனி எண்ணெய் வேண்டும். மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக உத்தர்பாராவுக்கு வந்து, 1957 முதல் அம்பாஸடரின் முதுகில் ஏறியது இந்த இனம்தான்.

பழைய காரின் பின் அச்சு எந்த விகிதத்தது என்று அறியப் பிரிக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஒரே ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சாக்கட்டியால் குறியிட்டு அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். எதிர்ச் சக்கரம் நிற்பதால், டிபரன்ஷியல் இரண்டை ஒன்றாகப் பாதியாக்கிவிடும். அதற்குள் புரொப்பெல்லர் தண்டு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால், 39-க்கு 8 பல், அதாவது 4.875 என்று கொள்ளலாம். 43-க்கு 10 என்றால் 4.3, சமவெளிக்குச் சுகம், மலைக்குச் சிரமம். எப்போதோ யாரோ வேறு விகிதத்தை மாட்டியிருந்தால், கியர் பாக்ஸிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டர் அன்று முதல் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிரித்தால் பொறுமை வேண்டும். பேரிங்குகளை மாற்றி, பினியனின் ஆழத்தைக் காகித கனத் தகடுகளால் சரிக்கட்டி, பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாயம் அழியும் தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். ஏறும்போது பல்லின் ஒரு முகமும், ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது மறு முகமும் உழைப்பதால், ஊளைச் சத்தம் எப்போது எழுகிறது என்று கேட்டே கெட்டிக்கார மெக்கானிக் கோளாற்றைச் சொல்லிவிடுவார்.

கிரௌனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிப்பது வழக்கம். 2014-ல் உத்தர்பாரா ஆலை நின்றபின், பழைய இரும்புக் கடையில் கிடக்கும் அச்சுகளுக்கு மவுசு வந்திருக்கிறது. கழற்றுகிறவர் கிரௌனை ஒரு டப்பாவிலும் பினியனை வேறொரு டப்பாவிலும் போட்டுவிட்டால், இரண்டு கார்களின் நல்ல ஜோடிகள் ஒரே நாளில் பாழ்.